கட்டிலோரம் ஒரு மலைநாடு

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி எழுதுவதால் வரிகள் எல்லாம் கீழே சரிகின்றன.

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாயிற்று, இனிக் குளிக்கவும் கழிப்பறைக்கும் மட்டும் எழலாம், மற்ற நேரமெல்லாம் கட்டில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் ரேவதி டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நாளாக் கேக்காதீங்க கனகவல்லி, வாரமாக் கேளுங்க. முப்பத்தாறு தொட்டுட்டோம்னா நாம ஜெயிச்ச மாதிரி" என்றார். இப்போது இருபது முடிந்திருக்கிறது.

இதைப் பற்றி இந்த நோட்டில் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. போன இரண்டு தடவையும் நிறைய எழுதினேன். பிறகு கிழிக்க வேண்டியிருந்தது.

மின்விசிறியைப் பற்றி எழுதலாம். மூன்று இறக்கை. ஒன்றின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து, அது சுற்றும்போது ஒரு சாம்பல் வளையம் தெரிகிறது. இன்று அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கிடந்தேன்.

ஜூன் 12

பரணிலிருந்து என் கணினியை இறக்கித் தரச் சொன்னேன். பதினோரு வருடம் முன்பு, கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்த புதிதில் வாங்கியது. அன்றைக்கு அது புலி. ஹாஸ்டலில் மூன்று பெண்கள் வரிசையில் நின்று என் அறைக்கு விளையாட வருவார்கள்.

அவர் அதைத் தோளில் வைத்து இறக்கினார். அவர் என்றால் என் கணவர், தண்டபாணி. காற்றாலை பராமரிப்பு வேலை. பூளவாடிப் பக்கம் நாற்பது காற்றாலைகள் அவர் பொறுப்பு. இது காற்றுக் காலம், ஒரு இறக்கை நின்றாலும் போன் வந்துவிடும். காலை ஆறரைக்குப் போனால் இருட்டும்போது வருகிறார். பேச்சு எப்போதுமே குறைவு. இந்த நாட்களில் இன்னும் குறைவு.

"இது ஓடுமா?" என்றார்.

"தொடச்சுப் போட்டுப் பாருங்க மாமா."

பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் அளவு தூசி. வாசலுக்குக் கொண்டுபோய் ஊதி எடுத்துவிட்டு வந்தார். மூக்கு, மீசை எல்லாம் சாம்பல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு இழுக்குமோ என்று நிறுத்திக்கொண்டேன்.

கணினி உயிரோடு இருக்கிறது.

ஜூன் 14

இரண்டு வருடம் முன்பு வாங்கி, ஓடாமலே கிடந்த ஒரு விளையாட்டு இருக்கிறது. சண்டை கிடையாது. ஒரு பெண்ணும் ஒரு குதிரையும் மலைநாட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். போகிற வழியில் தீ மூட்டலாம், குடிசை போடலாம், செடி நடலாம், பலகை நடலாம். நடப்பதுதான் அதில் வேலை. எனக்கு அது வேண்டும்.

இன்று போட்டுப் பார்த்தேன். நொடிக்குப் பதினோரு படம் வருகிறது. அறுபது வந்தால் கண்ணுக்கு ஓட்டம், முப்பது வந்தால் நடை. பதினொன்று நொண்டுவது. குதிரை ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலுக்கு யோசிக்கிறது. மலைகள் வரவே இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டிகள் நின்றன.

கோவையில் பழைய பாகங்கள் விற்கும் ஜாபருக்குப் போன் செய்தேன். என் கம்பெனி நாட்களிலிருந்து தெரிந்தவர். "மேடம், ப்ராசசர் போதும், அதைத் தொடவேண்டாம். நாலு சாமான் மாத்துனா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்றார். நினைவுக்கு ராம், சேமிக்க எஸ்.எஸ்.டி., படம் வரைய கிராபிக்ஸ் கார்டு, மின்சாரத்துக்குப் பவர் சப்ளை. முதல் இரண்டும் இந்த வாரம் பார்சலில் வரும். கார்டு நல்லதாகக் கிடைக்க நாளாகுமாம்.

என்னிடம் நாளுக்கா பஞ்சம்.

ஜூன் 22, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது, இன்று அவருக்கு விடுமுறை. முதலில் ராம். கணினியைக் கட்டிலோரம் ஸ்டூலில் படுக்கவைத்து, திறந்து வைத்துக்கொண்டு நான் சொல்ல, அவர் செய்தார். என் கையே ஒரு முழம் தள்ளிப் போய் அவரிடம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பக்கமும் வெள்ளையாக் கொக்கி இருக்குதா? அதை வெளிய தள்ளுங்க. பழசு எந்திரிச்சு வரும். இப்பப் புதுச வெச்சு அமுத்துங்க."

வைத்தார். அமுத்தவில்லை.

"அமுத்துங்க மாமா."

"ஒடஞ்சிருமாட்டருக்குது வல்லி."

"ஒடையாது. நல்லா, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும்."

எண்பது மீட்டர் உயரத்தில் காற்றடிக்கும்போது இடுப்புக் கயிற்றை நம்பிச் சாய்ந்து நிற்கிறவர், ஒரு விரல் நீளப் பச்சைத் தகட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றார். வேலைக்கு வரும் சரோஜாக்கா கூட்டுமாற்றோடு வந்து வேடிக்கை பார்த்தாள். "ஏனுங்க, அதென்னுங்க, கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரி புடிக்கறீங்க" என்றாள்.

போட்டுப் பார்த்தால் படம் இல்லை, நீளமாக மூன்று பீப். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் கெடுத்துப்போட்டனா?" என்றார். அந்தக் கேள்வியின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ராமைப் பற்றிக் கேட்கும் குரல் இல்லை அது.

"ஒண்ணும் ஆகல. சரியா உக்காரல, அவ்வளவுதான். எடுத்துட்டு மறுக்கா வைங்க."

இரண்டாம் தடவை டக் என்றது. படம் வந்தது.

எஸ்.எஸ்.டி. கஷ்டமில்லை, இரண்டு ஒயர். முன்பு இயங்கத் தொடங்க இரண்டு நிமிடம் எடுத்தது, இப்போது கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடுகிறது. விளையாட்டில் நொடிக்குப் பத்தொன்பது. மலைகளுக்கு ஓரங்கள் முளைத்திருக்கின்றன.

ஜூன் 24

இருபத்திரண்டு.

மானிட்டரை என்ன செய்வது என்று நேற்று ஒரு சண்டை. நான் பக்கவாட்டில் படுத்திருப்பதால் எனக்கு எல்லாம் சாய்ந்து தெரிகிறது, கழுத்து வலிக்கிறது. அவர் அளவெடுத்துக்கொண்டு போனார். இன்று ஒரு இரும்புக் கையைச் செய்து கொண்டுவந்தார், காற்றாலையில் கழித்த ஏதோ பட்டையில். அதைக் கட்டில் காலில் முடுக்கி, மானிட்டரை அதில் பூட்டி, அப்படியே செங்குத்தாகத் திருப்பிவிட்டார்.

இப்போது எனக்குத் தொடுவானம் நேராக இருக்கிறது. அறைக்குள் வருகிறவர்களுக்கு உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சரோஜாக்கா காபியோடு வந்து, "மலையெல்லாஞ் சொவுத்துல ஏறுதுங்க" என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஜாபர் அனுப்பிய கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் நேற்று வந்தன. பவர் சப்ளை மாட்டியாகிவிட்டது. கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை, இரண்டு விரல் நீளம் அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த கூடு இடிக்கிறது.

"திருப்பி அனுப்பீரலாமா?" என்றேன்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். கோழிக்குஞ்சு பிடித்த ஆள் காணாமல் போய்விட்டார். இரும்பு என்றால் அவருக்குப் பயமில்லை. வாசலில் வைத்துக் கூட்டை அறுத்து எடுத்து, விளிம்பை அரத்தால் ராவி, கை கிழிக்காதபடி தடவிப் பார்த்துக் கொண்டுவந்தார். கார்டு சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மூன்று மணிக்குப் போட்டோம். நொடிக்கு ஐம்பத்திரண்டு.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் புல் வந்தது. பச்சை நிறமாக இருந்தது புல்லாகி, ஒவ்வொரு தாளும் தனித்தனியாகச் சாய்ந்து எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தென்னை அதே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. எந்தக் காற்று எதை ஆட்டுகிறதென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. குதிரையின் கழுத்து மயிர் என் கைக்கு எட்டும் தூரத்தில் பறந்தது. தூரத்தில் மலைகள், ஒன்றின் பின் ஒன்றாக, கடைசி மலை வானத்தின் நிறத்திலேயே. நான் குதிரையிலிருந்து இறங்கி நடந்தேன். வெறுங்கால் என்று நினைத்துக்கொண்டேன். ஓடை குறுக்கிட்டது. தண்ணீருக்குள் போனபோது போர்வைக்குள் என் பாதங்கள் சில்லிட்டன. சத்தியமாக.

ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு மாதமாக நடக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அவர் கதவோரம் ரம்பத்தை வைத்துக்கொண்டு நின்றபடி, மானிட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க மாமா."

"எனக்கெங்கீம்மா இதெல்லாம் வரப்போகுது" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 11

மேற்குக் கணவாய் வரை போனேன். பனி.

ஜூலை 17

ஆடி ஒன்று. காற்றில் ஜன்னல் கொக்கி நாள் முழுக்க அடித்துக்கொண்டது. மாத்திரை மயக்கத்தில் காலை எட்டு மணி வரை தூங்குகிறேன். அவர் போவதே தெரிவதில்லை. தூக்கத்திலும் அந்த நாடுதான். இன்று கனவில் குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கடல் சத்தம்.

மத்தியானம் பள்ளத்தாக்கில் குதிரையை விரட்டும்போது, எனக்குள்ளே ஏதோ புரண்டது. குதிரையை நிறுத்தினேன். அதுவும் நின்றது. மறுபடி விரட்டினேன். மறுபடி.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். அந்த முகத்தை இதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூலை 24

இரண்டு நாள் கணினியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது வீட்டில். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள்.

ப்ராசசர் சூடு தொண்ணூறு டிகிரி காட்டுகிறது. மேலே தடவியிருக்கும் பசை பதினோரு வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் வழியும், குறைவாக வைத்தால் சூடு நிற்கும்.

அவர் வேட்டியில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. சரோஜாக்காவிடம் தனியாக ஊறவைக்கச் சொன்னேன்.

இருபத்தாறு.

ஜூலை 28

குதிரையை நேற்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் கட்டினேன். நன்றாக நினைவிருக்கிறது, வளைந்த பாறை ஒன்று இருந்தது. இன்று திறந்தால் குதிரை அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறது.

மயக்கத்தில் நானே மாற்றிக் கட்டினேனோ?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அமராவதி ஆற்றுக்குப் போகிற கூட்டம் ரோட்டில் ஆரவாரமாகப் போனது. சரோஜாக்கா தேங்காய்ச் சோறு கொண்டுவந்தாள்.

குதிரை மறுபடியும் இடம் மாறியிருந்தது. ஜாபருக்குப் போன் போட்டேன்.

"சேவ் பண்ணது ஒரு எடத்துல, தொறக்கறது இன்னொரு எடத்துலங்களா? ராம்ல பழுதிருந்தா அப்படிக் கண்டபடி ஆகும் மேடம். பழைய சாமான்தானே. டெஸ்ட் ஓட விட்டுப் பாருங்க. தப்புக் காட்டுச்சுன்னா மாத்தித் தர்றேன்."

ஆறு மணி நேரம் ஓடியது. ஒரு தப்பும் இல்லை.

அவரிடம் சொன்னேன். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "அப்படியா?" என்றார்.

ஆகஸ்ட் 9

நான் போயிராத கணவாய் ஒன்றில் இன்று நுழைந்தேன். அங்கே விறகு அடுக்கியிருந்தது. தீ மூட்டுவதற்குத் தோதாக, மழை படாமல், பாறைக்கு அடியில். மேலே போனேன். இன்னொரு அடுக்கு. அதற்கு மேலே இன்னொன்று. இருட்டும் நேரமெல்லாம் கணக்குப் பார்த்து, எந்த இடத்தில் எனக்குக் குளிருமோ அந்த இடத்தில் விறகு.

பயமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றாக மூட்டிக்கொண்டே ஏறினேன்.

ஆகஸ்ட் 14

விறகடுக்குகள் கடற்கரையில் கொண்டுபோய் விட்டன. ஒரு படகு கட்டியிருந்தது. அக்கரையில் ஒரு சிறிய தீவு. பனிக்குள் அது இருப்பதும் இல்லாததுமாக இருந்தது. துடுப்புப் போட்டுப் போனேன்.

தீவில் குடிசை எதுவும் இல்லை. காற்று மட்டும். மேட்டின் உச்சியில் இரண்டு கன்றுகள் நட்டிருந்தன, சுற்றிலும் கல் வைத்து. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை. எழுத்து இல்லை, எண்கள் மட்டும்.

14-3-22.

2-11-23.

இந்த இரண்டு தேதிகளும் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவருக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அந்த நாட்களில் அவர் மறுநாளே வேலைக்குப் போனார். நான் அதை மன்னிக்கவில்லை. இதுவரை எங்கும் எழுதாததை இப்போது எழுதுகிறேன். மன்னிக்கவில்லை.

கன்றுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குழி வெட்டியிருந்தது. அதில் கன்று இல்லை, பலகை இல்லை.

குதிரை அக்கரையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கன்றுக்கும் நடுவில் படுத்துக்கொண்டேன். அந்த விளையாட்டில் படுத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. மேகம் போனது. இங்கே சரோஜாக்கா ஏதோ கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரமானது.

ஆகஸ்ட் 15

நேற்று ராத்திரி மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கடியில் வைத்தேன். தப்புதான். ஒரு தடவை மட்டும்.

விடிகிற நேரம், ஜன்னல் நீலமாக இருந்தது. கண்ணை மூடிக் கிடந்தேன். அவர் குளித்துவிட்டு வந்த சோப்பு வாசம் வந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். மானிட்டர் செங்குத்தாக இருக்கிறதல்லவா, நிமிர்ந்து பார்த்தால் அவருக்கு உலகம் சாய்ந்து தெரியும். அதனால் தலையைச் சரித்து என் தலையணையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். என் முகத்துக்கும் அவர் ஈரத் தலைக்கும் ஒரு சாண் இருக்கும். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி. சத்தத்தை அணைத்துவிட்டு, குதிரையை மெதுவாக நடத்தினார். திருப்பத்தில் கூட மெதுவாக, வண்டியில் மாசமான பெண்ணைக் கூட்டிப்போகிறவர் மாதிரி.

"எத்தன நாளா?" என்றேன்.

விளையாட்டை ஓட்டும் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது. அவர் திரும்பவில்லை. தலையை எடுக்கவும் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தமல்ல, அதுக்கு மறுநாளுல இருந்து."

"நாந்தான் கேட்டனே, ஓட்டிப் பாருங்கன்னு. வராதுன்னீங்க."

"வெளையாடறதுக்கு எடுக்கல வல்லி. காலைல எந்திரிச்சதும் உனக்கு மூச்சு சீரா வருதான்னு பாத்துட்டு உக்காந்திருப்பேன். நேரம் போகோணுமல்ல. நீ பகல்ல எங்கெங்க போறியோ, அங்க முன்னாடியே போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்னு."

"தீவுக்குப் போனேன் நேத்து."

வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார்.

"உங்களுக்கு அந்தத் தேதியெல்லாம் நெனப்பிருக்கும்னு நான் நெனைக்கலீங்க மாமா."

"எப்படி மறக்கும்? மொதத் தடவ நீ உள்ள மயக்கத்துல கெடந்த. நர்சம்மா வந்து என்ற கைலதான் குடுத்தாங்க, ஒரு வெள்ளத் துணில சுத்தி. காதெல்லாம் இருந்துச்சு வல்லி. சின்னதா, மடிச்ச மாதிரி, காது." பிறகு, "ரெண்டாவதயும் நாந்தான் வாங்குனேன்" என்றார்.

"எங்கீங்க..."

"நம்ம காட்டுல. கெணத்து மேட்டுல. வேலைக்குப் போறப்ப தெனமும் அந்த வழியாத்தான் போறேன். அன்னைக்கு மக்யா நாளும் அங்கதான் போனேன். வேலைக்குப் போகல."

மூன்று வருடம். நான் அழுதேன். பயந்துகொண்டு, மெதுவாக, வயிறு குலுங்காமல் அழுதேன். அவர் அப்படியே தலையைச் சாய்த்தபடி அழுதார்.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ கேக்கவே இல்ல. கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

பிறகு அந்த மூன்றாவது குழியைக் கேட்டேன்.

"வெட்டீட்டேன். வெட்டுனதுக்கப்பறம் பயமாப் போச்சு. அப்படியே உட்டுட்டேன்" என்றார்.

"மூடீருங்க."

என்னைப் பார்த்தார். அன்று முதன்முறையாக.

"இது அந்த வரிசைல சேர வேண்டாம் மாமா. மூடீருங்க."

கன்ட்ரோலரை எடுத்தார். தீவுக்குப் போனார். மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினார். மேலே புல் வர ஒரு பொத்தான் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன். குதிரை சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் புரண்டது.

அவருக்கு ஏழு மணி ஆகிவிட்டது. மூன்று தடவை போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16

மாத்திரை விழுங்கிவிட்டேன். டாக்டரிடம் போனில் ஒப்புக்கொண்டேன். திட்டு.

ஆகஸ்ட் 30

முப்பத்திரண்டு.

காலையில் அரைமணி நேரம் அவர் ஓட்டுகிறார், நான் பார்க்கிறேன். குறுக்குவழியே தெரியாத மனிதர். எங்கே போனாலும் முதலில் உயரமான பாறையில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். நேற்று ஒரு ஏரியில் மழை பெய்யத் தொடங்கியது. இரண்டு பேரும் அது நிற்கும் வரை பார்த்தோம். நின்றபோது எங்கள் ஓட்டுக்கூரையிலும் மழை விழ ஆரம்பித்தது.

தினமும் ஏதாவது ஒன்று கேட்கிறேன். கை எப்படி இருந்தது, முடி இருந்ததா. தெரிந்ததைச் சொல்கிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார்.

செப்டம்பர் 12, கோயம்புத்தூர்

நான்கு நாளாக நோட்டு இல்லை. சரோஜாக்கா துணிகளோடு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

எட்டாம் தேதி திங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்பில் தொடங்கியது. வாயுப்பிடிப்பு என்று நினைத்தேன். கால்மணிக்கு ஒரு தடவை வந்தபோது சரோஜாக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு அவருக்கும் போட்டாள். அவர் அப்போது மேலே. வழியில் பல்லடத்தில் வந்து ஏறிக்கொண்டார், இடுப்புக் கயிறு கூடக் கழற்றாமல். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"முப்பத்தாறு ஆகல மாமா. முப்பத்துமூணுதான்."

"ஆகட்டும். முப்பத்துமூணும் எண்ணுதான" என்றார். அவர் சொன்னது அர்த்தமில்லாதது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கோயம்புத்தூர் வரை போனேன்.

மாலை ஆறு இருபதுக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு. அழுதாள். உடனே இல்லை. அந்த உடனே-இல்லாத நேரத்தை நான் எழுத மாட்டேன். ஆனால் அழுதாள். என்னிடம் காட்டிவிட்டு ஓடினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க.

எனக்குக் காய்ச்சல். குழந்தையிடம் போகக்கூடாது என்கிறார்கள். அவர்தான் போய்ப் பார்த்து வந்து சொல்கிறார். நேற்று மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்களாம். இன்று என் பால், ஊசிக் குழாயில், இரண்டு மில்லி.

செப்டம்பர் 15

காய்ச்சல் விட்டது. போகலாம் என்றார்கள். சக்கர நாற்காலிக்கு ஆள் வரத் தாமதமானது. நான் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்தேன். மூன்று மாதம் படுத்திருந்த கால்கள், கன்றுக்குட்டி மாதிரி நடுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வராந்தா நீளம். தரை குளிர்ந்திருந்தது, வழவழவென்று. மருந்து வாசமும் யாரோ கொண்டுபோன இட்லி வாசமும் வந்தன. ஜன்னல் ஒன்றில் நின்று மூச்சு வாங்கினேன். வெளியே ஒரு வேப்பமரம், சாதாரண வேப்பமரம். அதன் இலை எத்தனை. ஒன்றுகூட மற்றதைப் போல ஆடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவர் சட்டையில்லாமல் சாய்வு நாற்காலியில் இருந்தார். நெஞ்சின் மேல் ஒரு துண்டு. துண்டுக்கு வெளியே உள்ளங்கை அளவு தலை, நீலக் குல்லாய் போட்டு. உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் தேறும் என்று இப்போதெல்லாம் அப்பாக்களிடமும் கொடுக்கிறார்களாம். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

"சும்மா உக்காந்திருக்காதீங்க சார், பேசுங்க. குழந்தைக்குக் குரல் கேக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

என் கணவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எங்கள் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தபோது எப்படி விழித்தாரோ அப்படி விழித்தார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"சாமி... அன்னைக்கு என்னாச்சு தெரீமா? சரோஜாக்கா போன் பண்ணுனாங்க. அப்பா மேல இருந்தேன். மேலன்னா நல்லா மேல. அங்கிருந்து பாத்தா மேகத்தோட நெழலெல்லாம் பாலக்காட்டுப் பக்கத்துல இருந்து ஓடி வரும், மாடு மேய்ச்சலுக்கு வர்ற மாதிரி. ஒரு காட்டத் தாண்டி இன்னொரு காட்டுக்கு, அப்பறம் ஊரு மேல, அப்பறம் கொளத்து மேல. அப்பறம் அப்பா எறங்குனேன். எறங்கறதுக்கு ஏணி. கையெல்லாம் எரிஞ்சுது. அப்பத்தான் நெனச்சேன், நீ வர்றதுக்குள்ள நான் கீழ வந்தறோணும்னு. நீயும் எறங்கிட்டிருக்கற, நானும் எறங்கிட்டிருக்கறேன்..."

குல்லாய் அசைந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். அசைவு நின்றது. மறுபடி பேசினார்.

நான் உள்ளே போகவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். பத்து வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அப்படி ஒரு பொறாமை எனக்குக் கிடைத்ததே என்றும் இருந்தது. பிறகு சக்கர நாற்காலியோடு ஆள் தேடிக்கொண்டு வந்து, "அம்மா, நடந்தா வந்தீங்க!" என்று கத்தினார். உள்ளே என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

அக்டோபர் 5, உடுமலை

நேற்று வீட்டுக்கு வந்தோம். இரண்டு கிலோ முந்நூறு. இன்னும் பெயர் வைக்கவில்லை. அவர் ஏழு பெயர் எழுதி வைத்திருக்கிறார். ஏழும் எனக்குப் பிடிக்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். காற்றுக் காலம் முடிந்துவிட்டது. ஊரே அமைதியாக இருக்கிறது. சரோஜாக்கா வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறாள்.

கட்டிலோரம் இடம் வேண்டும் என்று மானிட்டரைக் கழற்றி மேசையில், எல்லோர் வீட்டிலும் போல நிமிர்த்தி வைத்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிகள் நேராக வருகின்றன.

நிறைய எழுத நினைத்து உட்கார்ந்தேன். அவள் மூக்கைப் பற்றி, நகத்தைப் பற்றி, பால் குடித்துவிட்டு அவள் முகத்தில் வருகிற ஒரு

அழுகிறாள். எழுந்து போகிறேன்.